நீர் இறக்கும் இரவு

போகும்போது மசனோரி
பனி தள்ளும் இயந்திரத்தை எடுத்துக்கொண்டான்.
நல்ல கத்தி இரண்டையும், வானொலியையும்.
சமையலறைத் தரையில்
சதுரப் பலகைக்குக் கீழே இருக்கும்
அந்தக் கைப்பிடியை மட்டும்
யாரும் பங்கு கேட்கவில்லை.

பத்தொன்பது குளிர்காலம்
அதைத் திருகியது அவன் கை.
நான் படுக்கையில் கிடந்து கேட்டிருப்பேன்:
வீடு ஒரு மிடறு விழுங்கும்.
பிறகு அவன் ஜில்லிட்ட பாதங்கள்
என் கெண்டைக்காலைத் தேடி வரும்.
எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

அக்டோபர் கடைசியில்
குழாய்க்காரர் கிரியூவை வரச்சொன்னேன்.
மண்டியிட்டார். பலகையைத் தூக்கினார்.
செத்த சிலந்தி ஒன்றை ஊதித் தள்ளினார்.
"வலப்பக்கம். இறுகும்வரை.
பாதியில் விட்டால் விடிய விடிய மண்ணுக்குள் ஒழுகும்,
காசு கட்டப்போவது நீங்கள்.
அப்புறம் எல்லாக் குழாய்களையும் திறந்துவிடுங்கள்.
காற்று உள்ளே போகாமல்
தண்ணீர் கீழே இறங்காது."
சிவப்பு ஒட்டுநாடாவில் ஓர் அம்பு செய்து ஒட்டினார்.
மூவாயிரம் யென்.
தேநீர் வேண்டாமென்றார்,
எதிர்வீட்டிலும் இதே கேள்விக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம்.

நவம்பர் பதினேழு.
நயோரோவில் இன்றிரவு பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று
என்கிறாள் தொலைக்காட்சிப் பெண்,
தள்ளுபடி விலை சொல்பவளைப்போல.

கெண்டியை நிரப்பினேன், காலைத் தேநீருக்கு.
ஒரு வாளி, கழிப்பறைக்கு.
அரிசியைக் களைந்து ஊறப்போட்டேன்.
பள்ளிச் சமையற்கூடத்தில்
முந்நூறு பிள்ளைகளுக்கு மிசோ சூப் கலக்கும் கை
ஒரு துண்டு இரும்பின் முன்னால் வியர்க்கிறது.

வலப்பக்கம். இறுகும்வரை.
சமையலறைக் குழாயைத் திறந்தேன்.
ஒன்றுமில்லை.
முகம் கழுவும் தொட்டியில் திறந்தேன்,
குளியலறையில் திறந்தேன்.
அப்போது சுவருக்குள்ளிருந்து வந்தது
அந்த மிடறு.
குழாயின் வாயில் விரல் வைத்தேன்.
உள்நோக்கி இழுத்தது.
இத்தனை வருஷமும்
நீர் போகும் சத்தம் என்று நினைத்திருந்தேன்.
காற்று நுழையும் சத்தமாம் அது.

ஒன்பதே காலுக்குக் கைபேசி ஒளிர்ந்தது.
"அங்கே பதினொன்றாமே. நீரை இறக்கிவிட்டாயா?"
சப்போரோவில் அவன் இருக்கும் அடுக்குமாடியில்
இந்த வேலையே கிடையாது.
மேல்வீட்டின் சூடும் கீழ்வீட்டின் சூடும்
வாடகையில்லாமல் அவனுக்குச் சேர்கிறது.
அங்கே இன்றைக்கு மூன்றுதான்.
நானும்தான் பார்த்துவைத்திருந்தேன்.

"இறக்கியாச்சு" என்று அனுப்பினேன்.
மேலும் ஒரு வரி அடித்து
அழித்தேன்.
வீட்டுக் குழாய்கள் எல்லாம் வாய் திறந்து கிடக்க
நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு படுத்தேன்.
என் பாதங்கள் எனக்கே ஜில்லென்றிருந்தன.

காலை. ஜன்னலின் உள்பக்கம் பனி பூத்திருந்தது.
இடப்பக்கம் திருப்பினேன், கொஞ்சம் பெருமையோடு.
கிரியூ சொல்ல மறந்ததோ, நான் கேட்க மறந்ததோ:
முதலில் குழாய்களை அடைத்திருக்க வேண்டும்.
மூன்றும் ஒரே நேரத்தில்
இருமின, துப்பின, துருநிறத்தில் கத்தின.
ஈரக் காலுறையோடு ஓடினேன்,
இதை அடைத்தால் அது,
அதை அடைத்தால் இன்னொன்று.
கடைசிக் குழாயைப் பிடித்தபடி
தனியாக நின்று சிரித்தேன். நல்ல சத்தமாக.

துணி துவைக்கும் இயந்திரத்தை
மறந்தே போயிருந்தேன்.
அதன் குழல் கழியைப்போல விறைத்துக் கிடந்தது.
கொதிநீர் ஊற்றக்கூடாது, வெடித்துவிடும்.
அதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.
வெதுவெதுப்பில் நனைத்த துண்டைச் சுற்றி
இரு கையாலும் பொத்திப் பிடித்து
வேலைக்கு நேரமாவதைப் பார்த்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தேன்.

இன்றிரவு பதிமூன்று என்று போட்டிருந்தது.